சாவி தொரை கையில்

அக்கா மகன் மூன்று வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை. படிக்கிறான் என்று அக்கா நினைத்தாள். கேமரன் மலையில் எங்கள் கம்போங் ராஜாவில் ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் விளக்கு எரிந்தால் இரண்டே காரணம். ஒன்று, கோஸ் ஏற்ற லாரி வரப்போகிறது. இல்லையென்றால் பிள்ளைக்குப் பரீட்சை. மூன்றாவதாக ஒன்று இருக்கும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

"மாமா, இங்க வாங்க. ஒண்ணு காட்டுறேன்."

கைப்பேசியில் ஒரு படம் ஓடியது. லாரி ஓட்டும் கம்ப்யூட்டர் விளையாட்டு. எங்கோ அமெரிக்காவின் நெடுஞ்சாலை. அந்தச் சாலையில் ஊர்ந்து வருகிறது நம் மலையின் பழைய பச்சை லேண்ட் ரோவர். கதவு நெளிந்திருக்கிறது. ஒரு பக்கத்து விளக்கு உடைந்திருக்கிறது. பின்னால் கூடை கூடையாகக் கோஸ். வளைவில் சூலம் நட்ட ஒரு முனீஸ்வரர் மேடை. அதைத் தாண்டினால் பலகை: "கம்போங் ராஜா 4 கி.மீ." தமிழில்! நாட்டின் சாலைப் பலகைகளில் நான் பார்க்காத தமிழை, பதினாறு வயதுப் பையன் மூன்று வாரத்தில் நட்டுவிட்டான்.

இதற்கு மோட் என்று பெயர். கம்பெனி செய்த விளையாட்டுக்குள், விளையாடுகிறவன் தன் கைப்பட மாற்றம் செய்து போடுவது. கூலி கிடையாது. கொண்டாட்டம் மட்டும்.

"நம்ம கம்ப்யூட்டர்ல போட்டுக் காட்டேன்டா."

"அங்கதான் மாமா பிரச்சினை."

படத்தில் ஓடியது சிநேகிதன் வீட்டுக் கம்ப்யூட்டர். சிநேகிதன் அந்த விளையாட்டைக் காசு கொடுத்து வாங்கியவன். நம் வீட்டில் இருப்பது மாதச் சந்தா. அதே விளையாட்டு, அதே சாலை, அதே லாரி. ஆனால் விளையாட்டு இருக்கிற அறையைத் திறக்கப் போனால் திரையில் ஓர் அறிவிப்பு: உங்களுக்கு அனுமதி இல்லை.

கம்ப்யூட்டர் அக்கா வாங்கியது, தவணையில். மின்சாரக் கட்டணம் அக்கா கட்டுகிறாள். இணையத்துக்கும் அவள்தான். மேசைகூட நான் அடித்துக் கொடுத்தது. அனுமதி மட்டும் இல்லை.

இரண்டு நாள் மல்லுக்கட்டிக் குறுக்கு வழியில் உள்ளே நுழைந்தான். லேண்ட் ரோவர் ஓடியது. ஒரு வாரம். பிறகு கம்பெனி ஏதோ புதுப்பித்தது, முனீஸ்வரரைக் காணோம். மறுபடி நட்டான். மாசக் கடைசியில் பட்டியலில் அந்த விளையாட்டின் பக்கத்தில் சின்னதாக ஒரு வரி: விரைவில் விடைபெறுகிறது. விடைபெற்றது. விளையாட்டு போனது, மோட் அனாதையாக நின்றது.

எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். தோட்டத்துக்குத் தோட்டம் தொரை பெயர்தான் மாறும்.

இந்தக் கதையைக் கேட்டு வீட்டில் ஒரே ஓர் ஆள் மட்டும் ஆச்சரியப்படவில்லை. என் அம்மா. "லயத்து வீடு மாதிரிதானே?" என்றாள். வெற்றிலையை மடித்துக்கொண்டே.

அம்மா முப்பத்தொரு வருஷம் தேயிலைக் கொழுந்து எடுத்தவள். தோட்டத்துப் பெயர் வேண்டாம். லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில் கடைசி வீடு. வந்தபோது ஓர் அறை, ஓர் அடுப்படி. அப்பா பின்பக்கம் தகரம் இறக்கி அடுப்படியை அகலப்படுத்தினார். முன்னால் சிமெண்டுத் திண்ணை போட்டார். தோட்ட எழுத்தரான கிராணியிடம் இரண்டு முறை கையைக் கட்டிக்கொண்டு நின்று வாங்கிய அனுமதி அது. அம்மா வாய்க்கால் ஓரம் சவ்சவ் கொடி ஏற்றினாள். எங்கள் மூவருக்கும் அந்தத் திண்ணையில்தான் அகரம். வேலை முடிந்தது. சாவியைக் கேட்டார்கள். திண்ணைக்கு எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. தகரத்துக்கும் கேட்கவில்லை. கொடியைப் பிடுங்கிக்கொண்டு வர முடியுமா?

இதைத்தான் சிலிக்கான் பள்ளத்தாக்கில் மகா புதுமை என்று மேடை போட்டு விற்கிறார்கள். சொந்தம் வேண்டாம், சுமை வேண்டாம், மாதாமாதம் கொஞ்சம் கட்டு, எல்லாம் உனக்கு. அடப்பாவிகளா, இதில் எங்களுக்குத் தலைமுறை அனுபவம் இருக்கிறது. 1929-ல் இந்த மலையில் போ தேயிலைத் தோட்டம் தொடங்கிய காலத்திலிருந்து தேயிலைக்காட்டு ஆட்கள் சந்தாதாரர்கள்தான். உழைப்பே சந்தா. கட்டுவதை நிறுத்தினால் கணக்கு முடக்கம்.

மலையின் பெயரையே பாருங்கள். 1885-ல் வந்து அளந்துவிட்டுப் போன வில்லியம் கேமரனின் பெயர் மலைக்கு. காட்டை வெட்டித் தேயிலை நட்டவர்களின் பெயர் செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டுக்கு.

சரி, ஊரறிந்த கதைக்கு வருவோம். மைக்ரோசாப்டின் கேம் பாஸ் 2017-ல் பிறந்தது. கம்ப்யூட்டருக்கு 2019 ஜூனில் வந்தது. நூற்றுக்கு மேல் விளையாட்டு, ஒரே சந்தா. அள்ளிக்கொள். ஆனால் அள்ளியது எங்கே இருக்கிறது என்று பார்க்காதே. விண்டோஸ் ஆப்ஸ் என்று ஒரு கோப்புறை. அதற்குள் மறைத்து வைத்திருந்தார்கள். அதன் உரிமையாளர் யார் தெரியுமா? கம்ப்யூட்டரை வாங்கியவர் இல்லை. கம்ப்யூட்டருக்கே நிர்வாகி என்று பதிவான ஆளும் இல்லை. டிரஸ்டட் இன்ஸ்டாலர் என்ற ஒரு கணக்கு. தமிழில் சொன்னால் "நம்பிக்கைக்குரியவர்". என் வீட்டில், என் பெட்டியில், நம்பிக்கைக்குரியவர் ஒருவர் குடியிருக்கிறார். அவர் நான் இல்லை.

உலகம் முழுக்க மோட் போடுகிறவர்கள் கத்தினார்கள். சில விளையாட்டுகளுக்கு மட்டும் "மோட் போடலாம்" என்று ஒரு பொத்தான் வைத்தார்கள். எவற்றுக்கு என்பதை யார் முடிவு செய்வார்? நம்பிக்கைக்குரியவர்களே. கடைசியில் 2021 முடிகிற நேரம், கோப்புகளை நீங்கள் விரும்பும் இடத்தில் வைத்துக்கொள்ளலாம், திறந்தும் பார்க்கலாம் என்று அறிவித்தார்கள். இரண்டரை வருஷம் கழித்து. அதற்குக் கைதட்டல் வேறு. லயத்துக்குக் குழாய் போட்டுவிட்டுத் திறப்பு விழாவில் மாலை வாங்கிக்கொண்ட தொரைமார் நினைவுக்கு வந்தால், நானா பொறுப்பு?

குழாய் வந்தது, தண்ணீர் எல்லா வீட்டுக்கும் வரவில்லை. ஸ்கைரிம் என்று ஒரு விளையாட்டு. 2011-ல் வந்தது. இத்தனை வருஷமாக அது சாகாமல் இருப்பதற்குப் பாதிக் காரணம் மோட் போடுகிறவர்கள். அவர்களுடைய பெரிய மோட்களில் பல ஓடுவதற்கு ஸ்க்ரிப்ட் எக்ஸ்டெண்டர் என்ற கருவி தேவை. தன்னார்வலர்கள் சும்மா செய்து கொடுத்தது. மைக்ரோசாப்ட் கடைப் பதிப்புக்கும் கேம் பாஸ் பதிப்புக்கும் அது உதவாது என்று செய்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த விளையாட்டைச் செய்த பெதஸ்டாவை அதன் தாய்க் கம்பெனியோடு சேர்த்து 750 கோடி டாலருக்கு 2021-ல் வாங்கியது அதே மைக்ரோசாப்ட். விளையாட்டு அவர்களுடையது. கடை அவர்களுடையது. சந்தா அவர்களுடையது. விண்டோஸும் அவர்களுடையது. இன்னும் எதை வாங்கினால் ஒரு கதவு திறக்கும்?

அவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். பூட்டு பாதுகாப்புக்காகவாம். மோட் என்ற பெயரில் வைரஸ் வரும். இணையத்தில் பத்துப் பேரோடு மோதும் விளையாட்டில் ஒருவன் சுவருக்குப் பின்னால் பார்க்கும் வித்தையைப் போட்டுக்கொண்டு ஏமாற்றுவான். உண்மைதான். அப்படிப்பட்ட விளையாட்டைப் பூட்டுங்கள், யார் வேண்டாம் என்றது? ராத்திரி ஒரு மணிக்கு யாருமில்லாத சாலையில் ஒற்றையாளாகக் கோஸ் லாரி ஓட்டுகிற பையன் யாரை ஏமாற்றப் போகிறான்? முனீஸ்வரரையா?

கோபம் வருவது பூட்டைப் பார்த்து மட்டும் இல்லை. பூட்டியவர்கள் எதைத் தின்று வளர்ந்தார்கள் என்று பார்க்கும்போது.

கவுண்டர் ஸ்ட்ரைக் தெரியாத பையன் மலேசியாவில் உண்டா? ஈப்போவின் சைபர் கபேக்களில் ஒரு தலைமுறையே பள்ளிக்கு மட்டம் போட்டு அதில்தான் சுட்டுக்கொண்டிருந்தது. அது பிறந்தது மோடாக. 1999-ல், மின் லே, ஜெஸ் கிளிஃப் என்ற இரண்டு இளைஞர்கள் ஹாஃப் லைஃப் விளையாட்டின் மேல் கட்டியது. மறு வருஷமே வால்வ் கம்பெனி அதை வாங்கிக்கொண்டது. டோட்டா? வார்கிராஃப்ட் 3-ன் மேல் ரசிகர்கள் போட்ட மோட். அதன் வாரிசான டோட்டா 2-க்கு 2021-ல் நடந்த உலகப் போட்டியின் பரிசுத் தொகை 4 கோடி டாலருக்கு மேல். பப்ஜியின் வேரும் பிரண்டன் கிரீன் என்பவர் ஆர்மா விளையாட்டுக்குப் போட்ட மோடில்தான் இருக்கிறது. இன்றைக்குக் கோடிகளில் புரளும் இந்த மரங்கள் எல்லாம் யாரோ ஒரு பையன் தூங்காமல் நட்ட நாற்று.

நட்டவனுக்கு என்ன மரியாதை? 2015 ஏப்ரல் 23 அன்று, ஸ்கைரிம் மோட்களுக்கு விலை வைக்கலாம் என்று வால்வும் பெதஸ்டாவும் சேர்ந்து அறிவித்தன. நல்ல சேதி என்று நினைப்பீர்கள். நூறு வெள்ளிக்கு விற்றால் செய்தவனுக்கு 25. மிச்சம் 75 கம்பெனிகளுக்கு. உலகம் சிரித்தது, பிறகு கொதித்தது. நாலே நாளில் கடையைச் சாத்தினார்கள். தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணிகூடக் கூலியில் முக்கால் பங்கு கேட்டதாக எங்கள் பாட்டன் சொன்னதில்லை.

டோட்டா கைநழுவிப் போன வயிற்றெரிச்சல் வார்கிராஃப்டைச் செய்த பிளிஸார்டுக்கு. 2020-ல் வார்கிராஃப்ட் 3-ஐப் புதுசாக மெருகேற்றி விட்டபோது விதியையும் மெருகேற்றினார்கள்: இதில் நீங்கள் செய்கிற எந்த விளையாட்டும் எங்களுடையது. முழுக்க முழுக்க. அப்பாவின் திண்ணைக்காவது எழுத்தில் இப்படி ஒன்றும் இல்லை. அந்த பிளிஸார்டும் இப்போது மைக்ரோசாப்ட் குடும்பம்தான். 2023 அக்டோபரில் 6,870 கோடி டாலருக்குச் சம்பந்தம் முடிந்தது.

நம் வீட்டு அடுப்பங்கரையும் இந்தச் சந்தைக்கு வந்தது, கவனித்தீர்களா? 2023 ஜூலை 31. டொராண்டோவில் தமிழர் ஒருவர் முன்னின்று செய்த "வெண்பா" விளையாட்டு வெளியான நாளிலேயே கேம் பாஸில் இருந்தது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம். தாயிடம் அவளுடைய அம்மாவின் கிழிந்த சமையல் புத்தகம். அழிந்துபோன வரிகளை நாம் கண்டுபிடித்து இட்லி ஊற்ற வேண்டும், புட்டு அவிக்க வேண்டும். பாஃப்டா விருது வாங்கியது. பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது, பொய் சொல்லவில்லை. விளையாட்டின் உயிரே என்ன? தாய் எழுதியதில் அழிந்ததை மகள் மீட்பது. கிழிந்ததைத் தன் கையால் நிரப்புவது. அதாவது, மோட் போடுவது! அதை விற்கும் சந்தாக் கடையிலோ நிரப்பப் பேனாவை எடுத்தால், பல விளையாட்டில் இன்னும் நம்பிக்கைக்குரியவரிடம் கேட்க வேண்டும்.

2024 ஜனவரியில் யூபிசாஃப்ட் என்ற விளையாட்டுக் கம்பெனியின் சந்தாப் பிரிவு இயக்குநர் பிலிப் டிரெம்பிளே ஒரு பேட்டியில் வாயைத் திறந்தார். விளையாட்டு சொந்தமாக இல்லாமல் இருப்பதற்கு ஆட்கள் பழகிக்கொள்ள வேண்டும், அப்போதுதான் சந்தா வளரும் என்ற பொருளில் பேசினார். மனிதர் நல்லவர். மற்றவர்கள் மனசில் வைத்திருப்பதைச் சொல்லிவிட்டார். சொன்னதைச் செய்தும் காட்டினார்கள்: அதே வருஷம் மார்ச் 31-ல் தி குரூ என்ற கார் விளையாட்டின் சர்வரை அணைத்தார்கள். அது சந்தாக்காரர்கள் கதை இல்லை. கடையில் டிஸ்க்காகக் காசு கொடுத்து வாங்கியவர்கள் கதை. பெட்டி அலமாரியில் இருக்கிறது. ஓடாது. சாமி இல்லாத கோயிலுக்கு யார் விளக்கு வைப்பது?

வாங்கினாலும் வாடகைதான் என்பது கலிஃபோர்னியாவுக்கே தாங்கவில்லை. 2025 ஜனவரி 1 முதல் அங்கே ஒரு சட்டம்: வெறும் உரிமத்தை விற்றுவிட்டு "வாங்கு" என்று பொத்தானில் எழுதினால், இது உரிமம் மட்டுமே என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். பாருங்கள், பொய்யைத் தடுக்கவில்லை. பொய்க்குப் பக்கத்தில் உண்மையையும் எழுது என்கிறார்கள். அதற்கே ஒரு சட்டசபை தேவைப்பட்டது.

நம் நாட்டில் அந்தக் குழப்பமே இல்லை. இங்கே உரிமத்தை உரிமம் என்றே சொல்வார்கள். கேமரன் மலையில் காய்கறி போடுகிறவனைக் கேளுங்கள். டிஓஎல் என்று மூன்றெழுத்துச் சொல்வான். தற்காலிகமாக நிலத்தில் இருக்கும் உரிமம். 1965 தேசிய நிலச் சட்டம். டிசம்பர் 31-க்கு மேல் செல்லாது, புதுப்பித்தால் உண்டு. யாருக்கும் மாற்றிக் கொடுக்க முடியாது. உரிமம் வைத்திருப்பவன் செத்தால் உரிமமும் செத்தது. சரிவை வெட்டிப் படி கட்டி, பிளாஸ்டிக் கூரை போட்டு, குழாய் இழுத்து, தக்காளியைத் தாங்கி நிறுத்தியவனின் மகன், கருமாதி முடிந்த கையோடு நில அலுவலகத்தில் வரிசையில் நிற்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையைப் பாருங்கள். உங்கள் கணக்கை உயில் எழுதிப் பிள்ளைக்குக் கொடுக்க முடியாது என்று 2024-ல் அவர்களும் சொல்லிவிட்டார்கள். நம் பகாங் மாநில நில அலுவலகமும் அமெரிக்க விளையாட்டுக் கடையும் ஒரே வாத்தியாரிடம் படித்திருக்கின்றன.

கவர்ன்மெண்ட் என்ன செய்கிறது? சும்மா இல்லை. 2021-ல் மைடிஜிட்டல் என்று திட்டம் அறிவித்தது. இளைஞர்கள் நுகர்வோராக இருக்கக் கூடாது, படைப்பாளியாக வேண்டும் என்று மேடைக்கு மேடை பேச்சு. பேசுங்கள். மூன்று வாரம் தூங்காமல் படைத்தவன் இங்கே இருக்கிறான், அவன் பெட்டியின் பூட்டைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை? பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள்: தொழில்நுட்பப் பூட்டை உடைப்பது குற்றம். பூட்டியவனுக்குச் சட்டம் ரெடி. பூட்டுக்கு வெளியே நிற்பவனுக்குச் சொற்பொழிவு ரெடி.

வரி வசூலில் மட்டும் தாமதம் கிடையாது. வெளிநாட்டு டிஜிட்டல் சேவைக்கு 2020 ஜனவரி முதல் 6 சதவீதம். 2024 மார்ச் முதல் 8 சதவீதம். பையன் சந்தா கட்டும் ஒவ்வொரு மாதமும் கஜானாவுக்குப் பங்கு போகிறது. விளையாட்டு பட்டியலை விட்டுப் போன மாதமும் போகிறது. பங்கு வாங்குகிறவர்கள் பஞ்சாயத்துக்கு வருவார்களா என்று கேட்கிறேன். கேட்டது கேட்டதாகவே இருக்கும்.

இந்த வாய்ச்சொல் பழசு. 1973-லேயே தோட்டத் தொழிலாளிக்குச் சொந்த வீடு என்று பேசியவர் பிரதமர் துன் அப்துல் ரசாக். அதைக் கேட்டுக் கைதட்டிய அப்பா, லயத்துச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தபடியே வயசாகிப் போனார். 1990-ல் தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரம் என்று சட்டம் வந்தது. தரம் சரி. சாவி?

சந்தா மலேசியாவுக்கு வந்தபோது, 2022-ல், கேம் பாஸ் மாதம் 15 வெள்ளி. இரண்டு தட்டு நாசி லெமாக், ஒரு தே தாரிக். இதற்குப் போய் அழலாமா என்பார்கள். தூண்டிலில் புழுவும் மலிவுதான். அமெரிக்காவில் அதே கேம் பாஸின் உயர்ந்த ரகம் 2025 அக்டோபரில் 19.99 டாலரிலிருந்து 29.99 ஆனது. ஒரே அறிவிப்பில் பாதிக்குப் பாதி ஏற்றம். கட்டாதவன் போகலாம். ஆனால் விளையாட்டு, சேமித்த இடம், நட்ட மோட் எல்லாம் உள்ளே இருக்கும். குடும்பம் முழுக்க லயத்தில் இருக்கும்போது கூலி போதாது என்று எவன் பெட்டியைக் கட்டினான்?

போன மாசம் அம்மா பழைய லயத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். கூட்டிப் போனேன். பையனும் வந்தான். தகரம் துருப்பிடித்திருந்தது. திண்ணை அப்படியே இருந்தது. ஓரத்தில் நான் ஆணியால் கீறிய என் பெயர், ஒற்றெழுத்துப் பிழையோடு. வீட்டில் இப்போது வங்காளதேசத்து இளைஞர்கள் நாலு பேர். அம்மா வாய்க்கால் பக்கம் எட்டிப் பார்த்தாள். கொடி கூரை ஏறி இரண்டு வீட்டுக்குப் படர்ந்திருந்தது.

ஒருவன் என்னவோ புரிந்துகொண்டான். கத்தியை எடுத்தான். ஏழெட்டுக் காய் அறுத்துப் பையில் போட்டு இரண்டு கையாலும் அம்மாவிடம் நீட்டினான். "மாக், அம்பில்," என்றான் மலாயில். அம்மா, எடுத்துக்கோங்க என்று. காசு எடுத்தேன். வாங்க மாட்டேன் என்றுவிட்டான்.

திரும்பும்போது அம்மா பையை மடியில் வைத்திருந்தாள். வழியில் ஒரு பழைய லேண்ட் ரோவர் கோஸ் ஏற்றிக்கொண்டு எதிரே ஏறி வந்தது. ஒரு விளக்கு எரியவில்லை.

"உன் வண்டி என்னடா ஆச்சு?" என்று பேரனைக் கேட்டாள்.

"பென் டிரைவ்ல இருக்கு பாட்டி."

"ஓட்டக் கூடாதா?"

"வண்டி நம்மளோடதுதான். ரோடு அவங்களோடது."

அம்மா பைக்குள் கையை விட்டு ஒரு காயை எடுத்தாள். முள் குத்துகிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். "இது நான் வெச்ச ரகந்தான்," என்றாள்.